கச்சதீவும் ஏழாம் உறுப்புரையும்

உடுப்பிட்டிச் சிவசம்புப் புலவர் பாடிய பிரபந்தங்களுள் கல்லாடக் கலித்துறை என்பதொன்று. அதன் பாட்டுடைத் தலைவர் யாழ்ப்பாணத்துப் பிரபு எவருமல்லர். கடலுக்கு அப்பால், இராமநாதபுரம் சமஸ்தானத்துக்கு அதிபதியாய் வீற்றிருந்த பாஸ்கர சேதுபதி அவர். வடமராட்சியில், வல்வெட்டித்துறைக் கரைக்கு நடந்தே போகத்தக்க ஓர் ஊரிலே பிறந்த புலவர், பாக்கு நீரிணையின் மறுகரையிலுள்ள ஒருவரைத் தம் தலைவராகக் கொண்டு பாடியபோது, தாம் ஓர் எல்லையைக் கடப்பதாக எண்ணியிருப்பாரென்று நமக்குத் தோன்றவில்லை. அக்காலத்தில் அக்கடலில் கோடு எதுவும் இருக்கவுமில்லை. ஆயினும் அதே சேதுபதி சமஸ்தானத்தின் குத்தகைச் சாசனங்களிலே கச்சதீவு என்னும் சிறு தீவொன்றின் பெயர் இடம்பெற்றிருந்தது என்பதும், புலவர் மறைந்து ஏறக்குறையப் பதினோராண்டில் அத்தீவின் பொருட்டு ஒரே சக்கரவர்த்தியின் கீழிருந்த இரண்டு அரசாங்கங்கள் கொழும்பிலே மேசையின் இருபுறமும் உட்கார்ந்து வாதிட்டன என்பதும் நாம் சிந்திக்கவேண்டிய விஷயங்களாகும்.

கச்சதீவு ஏறக்குறைய 285 ஏக்கர் பரப்புடையது; நீளம் ஒரு மைல் அளவே. நெடுந்தீவுக்குத் தென்மேற்கிலும் இராமேசுவரத்துக்கு வடகிழக்கிலுமாக இரண்டுக்கும் நடுவிலே கிடக்கும் அத்தீவில் குடிக்க நல்ல நீரில்லை. ஆகையால் நிலையான குடிகளுமில்லை. வலையுலர்த்தவும் இளைப்பாறவும் இரு கரையினரும் அங்கே இறங்குவர். இந்தியக் கரை மீனவர் ஒருவர் எழுப்பியதென்று வழங்கும் அந்தோனியார் கோயில் ஒன்று அங்குண்டு. அது யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. தவக்காலத்தில் நடக்கும் அதன் திருவிழாவுக்கு இருபுறத்துப் படகுகளும் வருவது நெடுநாளைய வழக்கம். ஒரு கரையார் கட்டி மறுகரையார் பராமரிக்கும் இக்கோயிலைக் காட்டிலும் அத்தீவின் உண்மையான உரிமை நிலையை விளக்கும் சாட்சியம் வேறொன்று வேண்டியதில்லை என்பது என் கருத்து; ஆனால் அரசாங்கங்கள் அவ்வகைச் சாட்சியத்தை ஏற்பதில்லை.

அவை ஏற்பது சாசனங்களையே. 1880-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சமஸ்தானம் மரைக்காயர் ஒருவர் உள்ளிட்ட குத்தகைக்காரருக்குச் சாயவேர் கிண்டியெடுக்கும் பொருட்டுக் கரையோரக் கிராமங்கள் பலவற்றோடு பதினொரு தீவுகளையும் குத்தகைக்கு விட்டபோது அவற்றுள் கச்சதீவும் ஒன்றாக எழுதப்பட்டது. இலங்கைத் தரப்பிலோ, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என அடுத்தடுத்து யாழ்ப்பாணப் பட்டினத்தை ஆண்டோரின் அதிகாரம் நெடுந்தீவோடு இதனையும் தழுவிநின்றதென்ற வாதம் எழுந்தது. சரித்திரம் இன்னும் பின்னே சென்றால் சிக்கல் மேலும் சுவையுடையதாகின்றது: இராமநாதபுரத்து அதிபதிகள் சேதுவைக் காப்போர் என்ற பெயரால் சேதுபதிகளாயினர், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையனவாகக் கொள்ளப்படும் காசுகளிலும் நந்தியின் கீழே பொறிக்கப்பட்டிருப்பது 'சேது' என்னும் சொல்லே. ஒரே அணையை இரு கரையிலிருந்தும் இரண்டு குலத்தார் தமதென்று சொல்லிக்கொண்ட நாட்டிலே, நடுக்கடல் தீவொன்று யாருடையதென்ற கேள்விக்குப் பழஞ்சாசனம் ஒரே விடை தருமென எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆயினும் தண்ணீரில்லாத இத்தீவின்மேல் அரசாங்கங்களுக்கு அக்கறை பிறந்ததேன்? தீவுக்காக அன்று, தீவைச் சூழ்ந்த கடலின் அடியிலே கிடந்த பொருளுக்காக. இந்த ஒன்றை மனத்தில் இருத்தினால் 1921 முதல் இன்றுவரை நடந்த எல்லாம் தெளிவாகும்.

முதலில் முத்து. சர்வதேசச் சட்டத்தின் முன்னோருள் ஒருவராகிய வாட்டெல் 1758-இல் வெளியிட்ட நூலில், கடல் எவருக்கும் உரியதன்று என்ற பொதுவிதிக்கு விலக்குக் கூற வந்தவிடத்து, பஹ்ரைனிலும் இலங்கையிலுமுள்ள முத்துச் சலாபங்கள் நியாயமாக உடைமையாகத் தக்கவை என்பதை எவர்தாம் மறுக்கவியலும் எனக் கேட்டார். பாரசீக வளைகுடாவும் மன்னார் வளைகுடாவும் ஒரே வாக்கியத்திலே அருகருகே வைக்கப்பட்ட அந்த இடம் பிற்காலத்து எண்ணெய் வழக்குகளுக்கெல்லாம் வித்தாயிற்று என்று சொன்னால் மிகையாகாது. கடலடியை உடைமையாக்கலாம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டால், அங்கே கிடப்பது சிப்பியா பெற்றோலியமா என்பது காலத்தைப் பொறுத்த கேள்வியே.

சலுகையுரிமை என்று இன்று நாம் எண்ணெய்க் கம்பனிகளைப் பற்றிப் பேசும் ஏற்பாட்டை நம்முடைய கடல் எண்ணெய்க்கு முன்னரே கண்டது. 1905-ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டிச் சலாபத்திலே இலங்கை அரசாங்கத்துக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் கிடைத்தது. அத்தகைய விளைச்சலைக் கண்டு மயங்கிய இலண்டன் முதலாளிகள், இலங்கை முத்துக்குளிப்புக் கம்பனி என்ற பெயரால் திரண்டு, 1906 தொடக்கம் இருபது ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வீதம் சலாபங்களைக் குத்தகை எடுத்தனர். முதலிரண்டு ஆண்டுகளின் பின் சிப்பிகள் பார்களில் காணப்படவில்லை. கம்பனி 1912-இல் கலைந்தது. அடுத்த நூறாண்டில் அதே கடற்பரப்பில் நடக்கவிருந்தவற்றுக்கு இஃது ஒத்திகைபோலவே இருந்தது.

முத்துக்கு அடுத்தது சங்கு. யாழ்ப்பாணக் கடலிலும் இராமநாதபுரக் கடலிலும் குளிக்கப்பட்ட சங்குகள் கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் போய், வங்கத்துச் சுமங்கலிகளின் கைவளைகளாயின. மன்னாரிலும் நெடுந்தீவு முதலிய தீவுகளின் சுற்றிலும் குளித்தோர் பலர் கீழக்கரை முதலிய மறுகரை ஊர்களைச் சேர்ந்தோர். ஆகவே எவருடைய கடலில் எவர் குளிக்கின்றார் என்ற கேள்வி ஓயாமல் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்னக்குமாரு பிள்ளை வழக்கிலே சென்னை உயர்நீதிமன்றம் ஓர் அரிய தீர்ப்பைச் சொல்லிற்று. பாக்கு விரிகுடாவின் சுற்றளவில் ஒன்பதில் எட்டுப் பங்கு சக்கரவர்த்தியின் நிலப்பரப்பாலேயே சூழப்பட்டிருத்தலாலும், அதனைச் சூழ்ந்த இந்திய, இலங்கை மாகாணங்களின் குடிகளே அதனை நெடுங்காலம் அனுபவித்து வந்தமையாலும், அதனை எவருக்கும் பொதுவான பெருங்கடலெனக் கருதலாகாது என்பது நீதிபதிகளின் கருத்து. குடிகளின் அனுபோகம் என்னும் ஆதாரம் அத்தீர்ப்பில் இடம்பெற்றமையை வாசகர் கவனிக்கவேண்டும். கடல் அரசனுடையதாயிற்று, குடிகள் அதனை உழுது வந்தமையால். அந்த ஆதாரம் பிற்காலத்து உடன்படிக்கைகளில் எங்கே போயிற்று என்பதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1921-ஆம் ஆண்டு ஒக்டோபரில் கொழும்பிலே கூடிய மாநாடு அரசதந்திரிகளின் மாநாடன்று. வருமான உத்தியோகத்தரின் மாநாடு. சென்னைத் தரப்புக்குத் தலைவர் கொற்றன். இலங்கைத் தரப்புக்குத் தலைவர் இலங்கைச் சுங்கத் தலைமை அதிகாரி ஹோர்ஸ்பரோ. முத்து, சங்கு வருமானங்களை இரு அரசாங்கங்களும் ஒன்றன்மேல் ஒன்று கைவையாமல் பகிர்ந்துகொள்ளக் கோடொன்று வேண்டுமென்பதே அவர்கள் கூடிய காரணம். இரு கரைக்கும் சமதூரத்திலே கோடு கிழிப்பதே இயல்பான வழி; ஆனால் அக்கோடு கச்சதீவின் அருகே வந்தபோது ஹோர்ஸ்பரோ தீவு இலங்கையுடையதென்று உறுதியாக நின்றார். சேதுபதியின் ஜமீன் உரிமையைச் சொல்லிச் சென்னைத் தரப்பார் மறுத்தனர். முடிவிலே எட்டப்பட்ட சமாதானம் விசித்திரமானது: கோடு கச்சதீவுக்கு மேற்கே மூன்று மைல் தள்ளிச் செல்லும்; மீன்பிடி வருமானத்தைப் பொறுத்தமட்டில் தீவு இலங்கைப் பக்கம் விழும்; ஆனால் அத்தீவின்மேல் இந்திய அரசாங்கம் பின்னொருகால் பாராட்ட விரும்பும் ஆட்சியுரிமைக்கு இக்கோட்டினால் பாதகமில்லை. மீனை ஒருவரிடம் கொடுத்து மண்ணை வழக்கிலே நிறுத்திய ஏற்பாடு அது. அதுவும் முறைப்படி அங்கீகரிக்கப்படவில்லை. எனினும் நடைமுறையிலே ஐம்பதாண்டு அக்கோடே கோடாயிருந்தது.

அவ்விரு அதிகாரிகளையும் நான் குறைகூற வரவில்லை. ஒரு வீட்டின் இரண்டு கணக்கப்பிள்ளைகள் இரண்டு பேரேடுகளுக்கிடையே கீறிய கோடு அது. வீடு இரண்டாகப் பிரியும் காலத்தில் அக்கோடே மதிலாய் எழும் என்று அவர்கள் எண்ணியிருக்க நியாயமில்லை. பிரித்தானியரின் ஆட்சி விட்டுப்போன எல்லைத் தகராறுகள் பலவற்றுக்கு இதுவே பிறப்பு வரலாறு.

இதே காலத்தில், இதே இந்திய அரசாங்கத்தின் உத்தியோகத்தர்கள் பாரசீக வளைகுடாவிலும் தீவுகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது நம்மவர் பலர் அறியாதது. 1947 வரை அந்த வளைகுடாவின் பிரித்தானிய அரசியற் பிரதிநிதிகள் இந்திய அரசாங்கத்துக்கு உட்பட்டவர்கள். ஆங்கு வழங்கிய நாணயமும் ரூபாவே. பஹ்ரைனில் 1932-இல் எண்ணெய் ஊறிற்று. கட்டார் 1935-இல் எண்ணெய்ச் சலுகை வழங்கிற்று. உடனே, அதுவரை மீனவரும் ஆட்டிடையரும் அன்றி எவரும் பொருட்படுத்தாத ஹவார் தீவுகள் யாருடையவை என்ற கேள்வி எழுந்தது, ஏனெனில் எந்த அரசருடையவையோ அவருடைய கம்பனிக்கே அங்கே துளையிடும் உரிமை. 1939 ஜூலையில் பிரித்தானிய அரசாங்கம் அவை பஹ்ரைனுடையவை என்று முடிவு சொல்லிற்று. கட்டார் அதனை ஏற்கவில்லை. அறுபத்திரண்டு ஆண்டு கழித்து, 2001 மார்ச் 16-ஆந் திகதி, ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்திலேதான் அவ்வழக்கு முடிந்தது. ஹவார் பஹ்ரைனுக்கே நின்றது. மேற்கிந்தியத் தீவுகளிலோ, 1942 பெப்ரவரி 26-ஆந் திகதி பிரித்தானியாவும் வெனிசுவேலாவும் டிரினிடாட்டை ஒட்டிய பாரியா வளைகுடாவின் கடலடியைப் பகிர்ந்து கைச்சாத்திட்டன. கடலடியைக் கண்ட உலகின் முதலாவது எல்லை உடன்படிக்கை அதுவென்பர். அதே நாளில் பாத்தோஸ் என்னும் சிறு தீவும் வெனிசுவேலாவுக்குக் கைமாறிற்று. எண்ணெய்க்கு வழிவிட ஒரு தீவு போயிற்று. எல்லாக் கடல்களிலும் விதி ஒன்றே: தீவு தானாக விலைபெறுவதில்லை, தன்னைச் சூழ்ந்த கடலடியாலேயே விலைபெறுகின்றது.

இனி 1974. அவ்வாண்டு ஜூன் 26-ஆந் திகதி கொழும்பிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும், 28-ஆந் திகதி புதுதில்லியிலே இந்திரா காந்தியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையினால் பாக்கு விரிகுடாவின் எல்லைக்கோடு கச்சதீவுக்கு மேற்கே ஒரு மைல் தொலைவிலே செல்வதாயிற்று. தீவு இலங்கைக்கு வந்தது. 1921-இன் கோடு தீவுக்கு மேற்கே மூன்று மைலில் சென்றது. புதிய கோடு ஒரு மைலில் செல்கின்றது. அதாவது தீவின் பொருட்டுக் கண்ணீர் வடித்த மறுகரையாருக்கு, அத்தீவின் மேற்கே, கடற்பரப்பில் இரண்டு மைல் மீண்டது. தமிழ்நாட்டுச் சட்டசபையிலும் பத்திரிகைகளிலும் எழுந்த முழக்கங்களிடையே இந்த நுட்பத்தை எடுத்துச் சொன்னோர் சிலரே. அதே வேளையில், சேதுபதியின் ஜமீன் உரிமை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சென்னை அரசாங்கத்தின் கைக்கு மாறியிருக்க, அந்த மாகாணத்து மக்களை ஒரு வார்த்தை கேளாமல் முடிவு செய்தது நியாயமன்று என்ற அவர்களுடைய மனக்குறையும் பொய்யன்று.

உடன்படிக்கையின் காலச்சூழலை மறத்தலாகாது. 1973 ஒக்டோபருக்குப் பின் எண்ணெய் விலை நான்கு மடங்காக உயர்ந்திருந்தது. 1974 பெப்ரவரியில் பம்பாய்க் கடலிலே இந்தியா எண்ணெய் கண்டது. காவேரிப் படுகையிலே துளையிடுவோர் தென்பட்டனர். இப்பக்கத்தில் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையிலே கிணறு தோண்டப்பட்டது. அப்பொழுது எழுதப்பட்ட உடன்படிக்கையின் ஏழாம் உறுப்புரை கூறுவது இது: பெற்றோலியமோ இயற்கை எரிவாயுவோ பிற கனிமமோ கோட்டின் இருபுறமும் பரந்துகிடக்குமாயின், ஒருபுறத்துப் பங்கை மறுபுறத்திலிருந்து எடுக்கக்கூடுமாயின், அதனை எவ்வாறு பயன்கொள்வது, வருவாயை எவ்வாறு பங்கிடுவது என இரு நாடுகளும் கலந்து இணக்கங் காண முயலவேண்டும். மிக நேர்த்தியான ஏற்பாடு. நிலத்தடியிலுள்ள பொருள் நிலத்தின் மேலே கீறிய கோட்டை அறியாது என்ற உண்மையை ஒப்புக்கொண்டு, சண்டைக்கு முன்னரே சமாதானத்தை எழுதிவைத்த அறிவுடைய விதி அது.

ஆனால் அவ்வெண்ணெய் வந்ததா? 1976-இல் மரதன் கம்பனி பாக்கு விரிகுடாவிலே இரண்டு கிணறுகள் தோண்டிற்று. ஒன்றன் பெயர் டெல்வ்ற்-1, அதாவது நெடுந்தீவு. 1981-இல் சிற்றீஸ் சேவிஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி மேலுமிரண்டு தோண்டிற்று. ஒன்று மன்னார் வளைகுடாவில்; அதற்கு முத்து என்று பொருள்படும் பேர்ள்-1 என்று பெயர். மற்றது நமது பருத்தித்துறையின் ஆங்கிலப் பெயரால் பெட்ரோ-1. பழைய முத்துக் கம்பனியின் நினைவைத் தாங்கியதுபோன்ற பேர்ள் என்னும் பெயருக்கேற்ப அவையும் வெறுங்கையாகவே மூடப்பட்டன. 2008-இல் மன்னார்ப் படுகையிலே உரிமை பெற்ற கெயர்ன் கம்பனி 2011-இல் இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டது உண்மை. ஆயினும் எடுத்து விற்கும் நிலை வருமுன்னரே, 2015-இல், அது விலகிச் சென்றது. எண்ணெய்க்கென எழுதிய ஏழாம் உறுப்புரை பங்கிட ஒரு துளியைக்கூட இதுவரை பெறவில்லை.

ஆனால் ஒவ்வோரிரவும் கோட்டின் இருபுறமும் சென்றுவரும் பொருளொன்று அக்கடலில் இருந்தது. அது மீன். அதற்கு உடன்படிக்கை என்ன விதி செய்தது? ஐந்தாம் உறுப்புரை இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்கு வந்துபோகலாம், கடவுச்சீட்டும் விசாவும் வேண்டா என்றது. ஆறாம் உறுப்புரை இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீர்ப்பரப்பில் மரபாய் அனுபவித்த உரிமைகளை அனுபவிக்கலாம் என்றது. மரபுரிமை எது, மீன்பிடித்தலும் அதில் அடங்குமா என்று அது சொல்லவில்லை. எண்ணெய்ப் பங்கீட்டை ஒரு முழு உறுப்புரையாய் எழுதிய கை, மீனுக்கு வந்தபோது ஒரு பொதுச்சொல்லோடு நின்றது. பின்னர் 1976 மார்ச் 23-ஆந் திகதி, மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்த உடன்படிக்கையோடு, இரு வெளிவிவகாரச் செயலாளரும் பரிமாறிய கடிதத்திலே, ஒருநாட்டு மீனவர் மறுநாட்டு நீர்ப்பரப்பில் அனுமதியின்றி மீன்பிடிக்கலாகாது என்று எழுதப்பட்டது. பல நூற்றாண்டு அனுபோகம் ஒரு கடிதத்தாலே முடிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் கடலுக்கு உடைமை கற்பித்தபோது ஆதாரமாய்க் கொண்ட குடிகள், உடைமை பங்கிடப்பட்டபோது கணக்கிலே இல்லாமற் போயினர்.

இதன் பயனை நாமும் அவர்களும் கண்டோம். 1983 முதல் 2009 வரை நடந்த போரிலே வடகரை மீனவர் கடலிறங்கத் தடைபட்டிருந்த காலத்தில், மறுகரையிலே இழுவைமடிப் படகுகள் பெருகி, கடலடியைச் சுரண்டும் தொழில் வேரூன்றிற்று. போர் ஓய்ந்து நம்மவர் மீண்டும் வள்ளமேறியபோது, வடமராட்சிக் கரையிலும் தீவகத்திலும் மன்னாரிலும் அவர்கள் இட்ட வலைகள் இரவோடிரவாக அறுபட்டன. கடனெடுத்து வாங்கிய வலை போனபின் மறுநாள் என்ன செய்வதென்று கரையில் நின்றவர்களை நான் பார்த்திருக்கின்றேன். மறுகரையிலோ கைதான தொழிலாளியின் மனைவி மக்கள் சிறைவாயிலை நோக்கிக் காத்திருக்கின்றனர். படகுடையவர் வேறு, பிடிபடுபவர் வேறு. இருபுறமும் துன்பப்படுவோர் தமிழ் பேசும் ஏழைகளே. இழுவைமடியை இலங்கை 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடைசெய்தமை நன்று. ஆனால் ஒரு கரையிலே மட்டும் செய்யும் தடை பாதித் தடையே. தமிழ்நாட்டிலிருந்து கச்சதீவை மீட்போம் என்று எழும் குரல், தீவு திரும்பினாலும் நெடுந்தீவுக்கு அப்பால் நம் வலை கிடக்கும் இடத்தில் இழுவைமடி நிற்குமா என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை. தீவைப் பேசுவோர் மீனைப் பேசுவதில்லை.

1982-ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையை இரு நாடுகளும் ஏற்றுள்ளன. அதன் 63-ஆம் உறுப்புரை, இரு நாடுகளின் மீன்பிடி வலயங்களில் ஒரே மீன்குலம் திரியுமாயின் அதனைக் காத்து வளர்க்க அந்நாடுகள் கலந்து இணங்க முயலவேண்டும் என்று கூறுகின்றது. பாக்கு விரிகுடாவைச் சரித்திர நீர்ப்பரப்பாக இரு அரசாங்கங்களும் கொண்டிருப்பதால் அப்பிரிவு நேரே பொருந்துமா என்று சட்டவறிஞர் வாதிடலாம். நமக்கு வேற்றுவிதி தேடவேண்டிய அவசியமில்லை. நமது சொந்த உடன்படிக்கையின் ஏழாம் உறுப்புரையிலேயே அந்த நியாயம் எழுதப்பட்டிருக்கின்றது. கோட்டின் இருபுறமும் பரந்த பொருளை இணங்கிப் பங்கிடுக என்று அது எண்ணெய்க்குச் சொல்கின்றது. எண்ணெயாவது கிடந்த இடத்திலேயே கிடக்கும். மீனோ ஒரே இரவில் கோட்டைக் கடந்து மீளும். இதைப் பங்கிடவன்றோ அவ்விதி அதிகமாய் வேண்டும்?

கொழும்பும் புதுதில்லியும் அடுத்தமுறை மீனவர் விஷயமாய்க் கூடும்போது, தீவின் பெயரை மேசையின்மேல் வையாமல், ஏழாம் உறுப்புரையை வைத்து, அதிலே பெற்றோலியம் என்னும் சொல்லின் அருகே மீன் என்னும் சொல்லையும் சேர்த்துப் பேசட்டும். இழுவைமடியை இரு கரையிலும் ஒரே காலவரையறையில் ஒழிப்பதையும், சிறுவலைத் தொழிலாளருக்கு இரு கரையிலும் முறைவைத்து இடங்கொடுப்பதையும் அதன் கீழே எழுதட்டும். அந்தப் பேச்சிலே உட்காருவோருள் வல்வெட்டித்துறையாரும் நெடுந்தீவாரும் இராமேசுவரத்தாரும் இருக்கவேண்டும். 1921-இலும் 1974-இலும் அவர்கள் எவரும் அழைக்கப்படவில்லை.